பயஸ் திருகுமேல் நெயில் பாலிஷ்

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகளில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. களமசேரியில் டெலிவிஷன் பெட்டிகளுக்கு உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை செய்யும் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை. மட்டாஞ்சேரியிலிருந்து காலையில் பஸ் பிடித்து, தேவரா வழியாக, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் சோற்றுப் பாத்திரமுமாகத் தொங்கிக்கொண்டு போவேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈயம் வைப்போம். என் மேஜையிலிருந்து போன பலகை ஒன்றுகூடச் சோதனைப் பிரிவிலிருந்து திரும்பி வந்ததில்லை. பக்கத்தில் இருப்பவளுடைய பலகை திரும்பி வந்தால் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

வீட்டிலும் என் கை சும்மா இருக்காது. எங்கள் சந்தில் பாதி வீடுகள் தமிழ் வீடுகள். கார்ப்பரேஷன் வேலைக்கு வந்து அப்படியே தங்கிப்போனவர்கள். அப்பா கார்ப்பரேஷன் லாரி ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமையும் போவார். அம்மா சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கப் போனாள். யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும், யார் வீட்டு மிக்ஸி முனகினாலும் எங்கள் வாசலுக்குத்தான் வரும். ஞாயிறானால் கட்டிலுக்கு அடியிலிருந்து என் தகரப் பெட்டியை இழுப்பேன். அந்தச் சத்தம் கேட்டதுமே அம்மா அடுக்களையிலிருந்து ஆரம்பிப்பாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்க உன் மொகத்தப் பாப்பாங்களா, கையில ஈயம் சுட்ட பொள்ளலப் பாப்பாங்களா?"

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பின் சந்துக் கிட்டார்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவரும் தமிழ்தான். வாரநாட்களில் தேவராவில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பார். கோயில் உற்சவமோ தேவாலயப் பெருநாளோ வந்துவிட்டால் கானமேளா ட்ரூப்பில் கிட்டார் வாசிப்பார். கானமேளா என்றால் மேடை போட்டுச் சினிமாப் பாட்டு பாடுகிற கச்சேரி. எங்கள் ஊரில் அது இல்லாமல் எந்தத் திருவிழாவும் முடியாது. மேடையில் அவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பேசி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. கையில் இருந்த பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "சவுண்டு போயிட்டு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எறணாகுளத்துல காட்டினேன். உள்ள வால்வுன்னு கண்டதும் வேண்டான்னுட்டாங்க," என்றார். அவ்வளவுதான். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

அது கிட்டாருக்கான எஃபெக்ட்ஸ் பிராசஸர். கிட்டாரின் ஒலியை வாங்கி, அதில் எதிரொலி சேர்த்தோ, கரகரப்பாக்கியோ, அலை அலையாக நெளிய வைத்தோ வெளியே விடும். கப்பலில் வேலை பார்த்த யாரோ விற்றுவிட்டுப் போனது. அமெரிக்கக் கரண்டுக்குச் செய்யப்பட்டது என்பதால் கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேறு. மூடியைக் கழற்றினேன். சிப்புகளுக்கு நடுவே, பழைய ரேடியோவில் இருப்பதுபோல, விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடி வால்வுகள். ஒன்று ஆரஞ்சு நிறத்தில் அழகாக எரிந்தது. மற்றதன் உச்சி வெள்ளியாய்ப் பளபளக்க வேண்டியது, பாலாய் வெளுத்துக் கிடந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

வால்வின் நம்பரை அவர் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதி, மைக் செட் கடைக்கு அனுப்பினேன். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அதே வால்வு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு கிட்டாரைத் தோளில் மாட்டி, இரண்டு வால்வுகளைக் கைக்குட்டையில் சுற்றி, கோழிக்குஞ்சைக் கொண்டுவருகிறவர் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

வால்வைப் பிடுங்கக் கூடாது. கண்ணாடியைப் பிடித்து லேசாக அசைத்து அசைத்து மேலே தூக்க வேண்டும். அடியில் ஒன்பது கம்பிக் கால்கள். ஒன்று வளைந்தாலும் போச்சு. பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை உட்கார வைத்தேன். ஆனால் அதோடு வேலை முடியாது. வால்வை மாற்றினால் பயஸையும் சரிசெய்ய வேண்டும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் வால்வுக்குள் எவ்வளவு கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வைக்கிற அளவுதான் பயஸ். குறைந்துபோனால் ஒலி விட்டுவிட்டுத் தும்மும். கூடிப்போனால் மந்தமாகி, வால்வும் சூடேறிச் சீக்கிரம் சாகும். அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு திருகு இருந்தது. மயிரிழை திருப்பினாலே ஒலி மாறும்.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கிட்டாரில் ஒரே கம்பியை ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் மீட்டரில் ஒரு கண்ணும் ஒலியில் காதுமாகத் திருகைத் திருப்ப வேண்டும். சாயங்காலம் எங்கள் பக்கம் வோல்டேஜ் பாதியாகிவிடும், அந்த நேரத்தில் வைத்தால் கணக்கு தப்பும். அதனால் ஞாயிறு மத்தியானம்தான் தோது.

"பாட்டெல்லாம் வேண்டா. ஒரே கம்பி. நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் அடிக்கணும்," என்றேன்.

தலையாட்டினார். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கண்ணால் கேட்டார்.

"வால்வு மெஷின்ல கரண்ட் ஜாஸ்தி. ரெண்டு கையும் உள்ள விட்டா ஒரு கையில ஏறி மத்த கையில எறங்கும். நடுவுல நெஞ்சு இருக்கு."

உடனே அவரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். திறந்த கம்பியை மீட்ட ஒரு கை போதும், அவர் பெட்டிப் பக்கமே வரவில்லை, ஆனாலும் வைத்துக்கொண்டார். டங், டங், டங் என்று மீட்டினார். நான் திருப்பினேன். முதலில் தும்மியது, பிறகு கமறியது. இன்னும் கொஞ்சம் திருப்பியபோது அந்த ஒற்றைக் கம்பியின் ஒலி திடீரென்று தெளிந்து, உருண்டு திரண்டு அறை முழுக்க நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து இளித்துக்கொண்டிருந்தோம். அம்மா உள்ளே பாத்திரத்தை டம்மென்று வைத்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

கடைசியாகச் சீல் வைக்க வேண்டும். கம்பெனியில் திருகைச் சரிசெய்ததும் அதன்மேல் ஒரு சொட்டு சிவப்புச் சாயம் வைப்போம். அதிர்ச்சியில் திருகு நகராது. யாராவது தொட்டிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் ஏது அந்தச் சாயம்? என் கருஞ்சிவப்பு நெயில் பாலிஷைத் திறந்து திருகுக்கு ஒரு சொட்டு வைத்தேன்.

"இனி ஆயுசுக்கும் அசையாது," என்றேன்.

"ஆயுசுக்குமா?" என்று கேட்டார். முகம் என்னவோ போல ஆனது. என் திறமையைக் கண்டு மலைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் காரணமில்லாமல் சிரித்தேன். ஈயம் உருகும்போது காதுக்குள் டங் என்றது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடினேன், அப்போதும் சிரிப்பாகத்தான் வந்தது. காதல் என்று மனசு ஒப்புக்கொண்டுவிட்டது. வாய்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவே ஆலுவாவிலிருந்து ஒரு வரன். மார்க்கெட்டில் காய்கறி மொத்தக் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பம். நல்லவர்கள், அதுதான் தொல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஓணத்துக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா தினமும் காலையில் என் தலையை வாரிக்கொண்டே அரித்தாள். "யோசிக்கறேன்" என்பேன். கிட்டார்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் எப்படி வருவார்? பெட்டிக்குக் கேடு, அதாவது பழுது, வந்தால்தானே வருவார்? கேடு வராதபடி ஆயுசுக்கும் சீல் வைத்த புத்திசாலி நானல்லவா.

வந்தார். அடுத்த ஞாயிறே பெட்டியும் கையுமாக.

"சவுண்டு சரியில்ல."

எனக்குச் சந்தோஷமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் முட்டிக்கொண்டன. அவரைப் பார்த்த சந்தோஷம். என் வேலையில் குறையா என்ற கோபம். கோபம்தான் முந்திக்கொண்டது.

"நீங்க எந்தாவது செஞ்சிருப்பீங்க. மழையில நனைச்சீங்களா?"

இல்லையென்று தலையாட்டினார். திறந்து சோதித்தேன். உண்மைதான், சீல் அப்படியே இருந்தும் ஒரு வால்வின் பயஸ் எங்கோ ஓடிப்போயிருந்தது. ட்ரூப் வேனின் குலுக்கலில் நகர்ந்திருக்கும் என்று முடிவுசெய்தேன். பழைய சீலை வெங்காயத் தோல் உரிப்பதுபோலச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி டங் டங், மறுபடி இளிப்பு, மறுபடி ஒரு சொட்டு. பெட்டிக்கு அடியில் வைக்க ஸ்பாஞ்ச் வெட்டிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். ஸ்பாஞ்சும் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. இந்தத் தடவை உற்சவ மைதானத்து ஜெனரேட்டரைச் சந்தேகித்தேன். உப்புக் காற்றைச் சந்தேகித்தேன். செங்கல் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து அதன் சுற்றுகளைக்கூடப் பார்த்துவிட்டேன். எல்லாம் யோக்கியமாக இருந்தன. ராத்திரி படுத்தால் அவர் முகம் வர வேண்டிய இடத்தில் அந்தத் திருகு வந்து நின்றது. கம்பெனியில் பக்கத்துப் பெண்ணின் பலகை திரும்பி வந்தபோது முதல் தடவையாக எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அம்மா வேறு. "ஆலுவாக்காரங்க கேட்டு விட்டாங்க. எந்தா பதில்?"

"யோசிக்கறேன்."

ஓணத்துக்கு முந்தைய ஞாயிறு. அவர் பெட்டியோடு வந்து பாயில் உட்கார்ந்தபோது நான் உறுதியாக இருந்தேன்: இன்றைக்கு இரண்டில் ஒன்று. இந்தக் கேட்டைக் கண்டுபிடிக்காமல் அவரை எழுந்திருக்க விடுவதில்லை. அவர் வாயைத் திறக்க வைக்கும் வழிதான் தெரியவில்லை. இயந்திரத்தின் வாயையாவது திறப்போம் என்று இறங்கினேன்.

இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி உட்கார வைத்தேன். கேடு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி வால்வு. அதே இடத்தில் நின்றால் குற்றவாளி அந்த இடம். அதே இடத்தில்தான் நின்றது. அந்த இடத்தில் வால்வைத் தவிர வேறென்ன இருக்கிறது? திருகு. கரண்டை அணைத்துவிட்டு, பெட்டியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தேன்.

திருகின்மேல் நான் வைத்த கருஞ்சிவப்பு இல்லை. ரோஸ் இருந்தது.

எனக்குக் குப்பென்று ஏறியது. யாரோ திறந்திருக்கிறார்கள். யாரோ ஒரு பெண். கானமேளா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாடகியின் விரல்கள் கண்முன்னே வந்தன. ஒவ்வொரு நகமும் ரோஸ். ஆக, அங்கே ஒருத்தி இவர் பெட்டியைத் திறந்து நோண்டுகிறாள், இங்கே நான் ஞாயிறுதோறும் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு சரிசெய்கிறேன். இவர் பாயில் உட்கார்ந்து இளிக்கிறார்.

"இதை ஆரு தொறந்தது?"

அவர் பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு இந்த ரோஸ் நெயில் பாலிஷ்? அவங்ககிட்டயே நன்னாக்கிக்க வேண்டியதுதானே. என்கிட்ட எதுக்கு வர்றீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். பெட்டியில் கரண்ட் இல்லை, பிளக்கையே உருவிப் போட்டிருந்தேன். அப்படியிருந்தும் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்கு வந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது. பெட்டியைக்கூட ஒற்றைக் கையால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"கையக் காட்டுங்க."

"வேண்டா."

"காட்டுங்க."

மெதுவாக நீட்டினார். பெருவிரல் நகத்தில் ஒரு சிவப்பு. சுட்டுவிரலில் ஒரு பழுப்பு. நடுவிரலில் செங்கல் நிறம். மோதிரவிரலில் அந்த ரோஸ். சுண்டுவிரலில் ஏதோ மினுமினுப்பு.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் சுண்டுவிரலைப் பார்த்தார்.

"வளையல் கடையில ஷேடு நோக்கினேன்," என்றார். "முன்ன வாங்கின கருஞ்சிவப்பு குப்பி உணங்கிக் கட்டியாப் போயிட்டு. அந்தக் கலர் கடையிலயும் தீர்ந்துட்டு. கடை பல்புல இது சேம் கலராத்தான் தெரிஞ்சுது."

"நீங்க பெயின்ட் கடையிலதானே வேலை பாக்கறீங்க?"

"அங்க ட்யூப் லைட்டு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகும் நம்ப ஒரு நிமிஷம் ஆனது.

"அப்ப திருகுனது நீங்கதானா? எல்லா ஞாயிறும்?"

"முக்குச் சாயாக்கடை பெஞ்சுல வெச்சுத் திருப்பிட்டு, சீலும் வெச்சுட்டு வருவேன். உணங்கறதுக்குள்ள ஒரு சாயா குடிச்சா சரியா இருக்கும்."

"சாயாக்கடையிலயா? எல்லாரும் பாக்கவா?"

"கடைச் சேட்டன்தான் டார்ச் அடிச்சுத் தருவாரு."

சந்து முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் ஜெனரேட்டரையும் உப்புக் காற்றையும் சந்தேகித்துக்கொண்டு ராத்திரி புரண்டிருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரை அவர்மேல் எறியலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"என் வேலை என்னத்துக்கும் கொள்ளாதுன்னு நான் எவ்வளவு சங்கடப்பட்டேன் தெரியுமா? தூக்கமில்ல. சோறு எறங்கல. எதுக்குச் செஞ்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேசாத மனிதர் பேசினார்.

"கேடு இல்லன்னா இங்க வர எனக்கு வேற எந்தா காரியம் இருக்கு? நீங்க ஆயுசுக்கும் அசையாதுன்னு சொன்னீங்க. எனக்குப் பயமாயிட்டு."

எறிய வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை. சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. அவரும் ஆரம்பித்தார். ஐந்து நிறத்து நகங்களோடு வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்குவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை.

அடுக்களை வாசலில் அம்மா இரண்டு கிளாஸ் சாயாவோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. சிரிப்பு சட்டென்று நின்றது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அம்மா, ஆலுவாக்காரங்களுக்கு வேண்டான்னு சொல்லிடுங்க."

அம்மா கிளாஸ்களைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தகரப் பெட்டிக்குள் போட்டாள்.

"அத அப்பவே சொல்லியாச்சு."

"எப்ப?"

"இந்தத் தம்பி ரெண்டாவது தடவை பெட்டியத் தூக்கிட்டு வந்தப்பவே."

"பின்னெ எதுக்கு தெனமும் பதில் பதில்னு என்ன அரிச்சீங்க?"

"நீயா வாயத் தொறக்கறியான்னு பாத்தேன். எந்த மெஷினுக்கு மோளே ஞாயித்துக்கிழமை மட்டும் கேடு வருது?"

அம்மா அவர் பக்கம் திரும்பி, மறைக்க மறந்துபோயிருந்த அந்த இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு சாயா கிளாஸை எடுத்து அதில் கொடுத்தாள்.

"அடுத்த ஞாயிறு உங்க அம்மாவக் கூட்டிட்டு வா தம்பி," என்றாள். "அந்தப் பெட்டி வேண்டா. வீட்டுலயே இருக்கட்டும்."